டெஸ்டர் ஆகப் போகும் பிள்ளைக்கு முதலில் அறிக்கை எழுதப் பழக்குவோம்

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர், ஐ.சி.டி. படிப்பிக்கும் சக ஆசிரியர்கள், ஓ.எல்., ஏ.எல். படிக்கும் தம்பி தங்கைமார் எல்லோரும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

இரண்டு மூன்று வாரமாக ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. "ஃப்ரீ ஃபயர் புது அப்டேட்டுக்கு டெஸ்டர் எடுக்கிறாங்க. கீழே உள்ள லிங்கில் போய் போன் நம்பரைக் குடுங்க. முதலில் வாற ஆக்களுக்கு டயமண்ட் இலவசம்." தரம் 8 பிள்ளைகள் முதல் ஏ.எல். மாணவர் வரை இதை ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொண்டிருக்கிறார்கள். பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள்: "சேர், மகன் டெஸ்டரா செலக்ட் ஆகிட்டன் எண்டு சொல்றான். இது நல்லதா கெட்டதா? காசு ஏதும் கட்டணுமா?"

இதற்கு ஊரில் இரண்டு பதில்கள் உலவுகின்றன. ஒரு சாரார், "எல்லாம் ஏமாத்து வேலை, போனைப் பறிச்சு வைங்க" என்கிறார்கள். மறு சாரார், "பிள்ளை கெட்டிக்காரன், வெளிநாட்டுக் கம்பனியே கூப்பிடுது" என்று பெருமைப்படுகிறார்கள். இரண்டு பேரும் விஷயத்தை விளங்காமல் பேசுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். விளையாட்டுக்கு டெஸ்டர் எடுப்பது உண்மையிலேயே நடக்கிற காரியம். அது ஒரு வேலை. வேலை என்று தெரிந்து போகிற பிள்ளைக்கு அதில் படிப்பு இருக்கிறது. பரிசு என்று நினைத்துப் போகிற பிள்ளைதான் மாட்டிக் கொள்கிறது.

முதலில் அது என்ன என்று பார்ப்போம்.

ஃப்ரீ ஃபயர் 2017இல் வந்த விளையாட்டு. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட கரீனா என்ற கம்பனி வெளியிடுகிறது. கூகுள் பிளேயில் மட்டும் 100 கோடி தடவைக்கு மேல் இறக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அப்டேட் வரும். புதுத் துப்பாக்கி, புதுப் பாத்திரம், மெப்பில் மாற்றம் என்று ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பழைய பகுதியைக் குழப்பக் கூடியது. அதை நேரே எல்லோருக்கும் விட்டால், பிழை இருந்தால் ஒரே நாளில் கோடிக்கணக்கானோர் மாட்டுவார்கள். அதனால் முன்கூட்டியே "அட்வான்ஸ் சேர்வர்" என்ற பெயரில் தனி அப் ஒன்றைத் திறந்து, குறைந்த எண்ணிக்கையான ஆட்களை மட்டும் பதிவு செய்து, அனுமதிக் குறியீடு கொடுத்து உள்ளே விடுகிறார்கள். அவர்கள் விளையாடி, பிழை கண்டு, அறிவிக்க வேண்டும். அறிவிப்பவர்களுக்கு டயமண்ட் பரிசு உண்டு. அங்கே எடுத்த லெவலோ சாமானோ வழமையான கணக்குக்கு வராது. சோதனை முடிந்தால் எல்லாம் போய்விடும்.

எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. ஆசிரியர் கலாசாலையில் மதிப்பீடு பற்றிப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நல்ல வினாத்தாள் ஒன்றை நேரடியாகப் பரீட்சைக்குக் கொண்டு போவதில்லை. சிறு மாணவர் குழு ஒன்றுக்கு முதலில் கொடுத்துப் பார்ப்போம். எந்தக் கேள்வியில் கெட்டிக்காரப் பிள்ளையும் தடுமாறுகிறது, எந்தக் கேள்விக்கு இரண்டு விடை பொருந்துகிறது, நேரம் போதுமா என்று பார்த்துத் திருத்துவோம். அந்தப் பிள்ளைகள் எடுத்த புள்ளி எந்த றிப்போர்ட்டிலும் ஏறாது. பரீட்சைக்கு நிற்பது வினாத்தாள்தான். அட்வான்ஸ் சேர்வரில் லெவல் அழிந்து போவதும் இதே காரணத்துக்காகத்தான். "கஷ்டப்பட்டு எடுத்ததெல்லாம் போயிட்டு சேர்" என்று அழுகிற பிள்ளைக்கு, தான் எதற்காக உள்ளே எடுக்கப்பட்டேன் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் கலாசாலையில் படித்தோம். அந்தச் சிறு குழுவில் முதலாம், இரண்டாம் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் சோதனை பொய்த்துவிடும். கடைசி வாங்கில் இருப்பவனும் வேண்டும். விளையாட்டுக்கும் அப்படித்தான். கம்பனியின் ஒஃபிஸில் நல்ல போன், நல்ல வைஃபை. அங்கே எல்லாம் சரியாகத்தான் ஓடும். எங்கட பிள்ளையின் கையில் இருப்பது வாப்பா கட்டாரிலிருந்து வரும்போது கொண்டு வந்த மூன்று வருடப் பழைய போன். பெட்டரி வீங்கப் பார்க்கிறது. ரெம் 2 ஜிபி. மழை பெய்தால் சிக்னல் விழும். டேட்டா பெக்கேஜ் இரவில்தான் கூட. இந்த நிலைமையில் அப்டேட் ஓடுமா, நடுவில் அறுந்தால் மீண்டும் சேருமா, சூட்டில் போன் நின்று விடுமா என்பதைக் கம்பனிக்குச் சொல்லக் கூடியவன் எங்கட பிள்ளைதான். நாம் குறை என்று நினைப்பதுதான் அங்கே தேவைப்படுகிற தகவல். அதனால் இந்தப் பிள்ளைகள் கொடுப்பதற்குப் பெறுமதி உண்டு என்று நான் நம்புகிறேன். பெறுமதியான ஒன்றை மலிவாகவும் ஆபத்தாகவும் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

இனி ஆபத்துக்கு வருகிறேன்.

ஊரில் சுற்றும் அந்த லிங்க் கம்பனியினுடையது அல்ல. அதில் போன் நம்பரைக் கொடுத்ததும் ஓடிபி ஒன்று வரும், அதையும் கேட்கும். கொடுத்தால் கணக்கு போச்சு. எனக்குத் தெரிந்து எங்கள் மாணவர்கள் சிலர் விளையாட்டுக் கணக்கை இழந்திருக்கிறார்கள். ஒருவரின் உம்மாவுடைய வட்ஸ்அப் கணக்கே கை மாறி, சொந்தக்காரர்களுக்கு "அவசரமா காசு அனுப்புங்க" என்று செய்தி போயிருக்கிறது. இதைவிடப் பெரிய ஆபத்து, ஏபிகே ஃபைலைப் போனில் ஏற்றுவது. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து அப் ஒன்றை ஏற்ற வேண்டுமென்றால், தெரியாத இடத்திலிருந்து ஏற்ற அனுமதி கொடு என்று போன் கேட்கும். பிள்ளை யோசிக்காமல் அமத்தும். அதே போனில்தான் உம்மாவுடைய பேங்க் அப் இருக்கிறது. வாப்பா அனுப்பும் காசுக்கான எஸ்.எம்.எஸ். வருவதும் அதே போனுக்குத்தான். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வருவது யார் என்று பார்க்காமல் உள்ளே போய்ப் படுப்பது போன்ற வேலை இது.

இங்கே கம்பனிகள் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. பிளே ஸ்டோரிலேயே டெஸ்டர்களுக்கென்று தனி வழி இருக்கிறது. அழைப்பு லிங்க்கில் சம்மதம் கொடுத்தால், அப் பிளே ஸ்டோரில் இருந்தே வரும். ஐபோனில் டெஸ்ட்ஃபிளைட் என்று ஆப்பிளின் அப் இருக்கிறது. அதில் ஒரு விளையாட்டுக்கு 10,000 பேர் வரை வெளி டெஸ்டர்களை எடுக்கலாம். ஒவ்வொரு சோதனைப் பதிப்பும் 90 நாளில் காலாவதியாகும். இப்படிப்பட்ட பாதுகாப்பான வாசல்கள் இருக்கும்போது, பிள்ளைகள் அதிகமாக விளையாடும் பெரிய விளையாட்டுகள் ஏபிகே ஃபைலை நேரடியாக இறக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உண்மையான வாசலும் கள்ள வாசலும் ஒரே மாதிரி இருந்தால் 13 வயதுப் பிள்ளை எப்படி வித்தியாசம் காண்பது? டெஸ்டர் தேவை என்று அழைப்பவருக்கு, வருகிறவர் பத்திரமாக வந்து போக வழி செய்யும் பொறுப்பும் இருக்கிறது.

அடுத்தது பேச்சு. "முதலில் நீங்கள்தான் பார்ப்பீர்கள்", "டயமண்ட் கிடைக்கும்" என்று அழைக்கிறார்கள். "இது சோதனை, அடிக்கடி நின்றுவிடும், உங்கள் நேரமும் டேட்டாவும் போகும், பிழை கண்டால் எழுத வேண்டும், எழுதாவிட்டால் நீங்கள் வந்து பயனில்லை" என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதுவதில்லை. பிழை அறிவிக்கும் படிவம் தமிழிலோ சிங்களத்திலோ கிடைப்பதும் அரிது. ஆங்கிலம் வராத பிள்ளை தான் கண்ட பிழையை விழுங்கிக் கொண்டு விளையாடுகிறது. வயல் வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர்கூட எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன வேலை, சாப்பாடு உண்டா இல்லையா என்று சொல்லித்தான் கூப்பிடுகிறார். கோடிக் கணக்கில் உழைக்கும் கம்பனியிடம் அந்த அளவு நேர்மையை எதிர்பார்ப்பது பிழையா?

சரி, கம்பனியை நாம் இங்கிருந்து திருத்த முடியாது. நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யக் கூடியது என்ன?

நான் தரம் 10 வகுப்பில் ஒரு சின்ன வேலை செய்தேன். பாடசாலையில் தண்ணீர்ப் பைப் ஒன்று பழுது. அதை அதிபருக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னேன். எல்லோரும் எழுதியது ஒரே வசனம்: "சேர், பைப் சரியில்லை." பிறகு சயன்ஸ் செய்முறைக் கொப்பியை எடுக்கச் சொன்னேன். அதில் நோக்கம், செய்முறை, அவதானம், முடிவு என்று எழுதுகிறீர்களே, அதே மாதிரி இதை எழுதுங்கள் என்றேன். இரண்டாம் முறை வந்தது இது: "ஐந்து பைப்பில் இடது பக்கமிருந்து மூன்றாவது. முழுதாகப் பூட்டினாலும் சொட்டுகிறது. இன்டர்வல் முடிந்து வாளி வைத்தோம், ஒரு பாடவேளையில் அரைவாளி நிறைந்தது. மற்ற நான்கிலும் அப்படி இல்லை." அதிபர் அந்தத் தாளைப் பார்த்த கையோடு பைப் வேலைக்காரரைக் கூப்பிட்டார். "பைப் சரியில்லை" என்று பல மாதமாக எல்லோரும் சொல்லிக் கொண்டுதான் இருந்தார்கள்.

விளையாட்டு டெஸ்டர் எழுத வேண்டியதும் இதுதான். "கேம் ஹேங் ஆகுது" என்று எழுதினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. "பெர்முடா மெப். வாகனத்தில் இருந்து இறங்கும் அதே நேரம் துப்பாக்கியை மாற்றினால் திரை உறைகிறது. ஐந்து தடவை செய்து பார்த்தேன், நான்கு தடவை நடந்தது. போன் இன்ன மொடல், ரெம் 2 ஜிபி. வீடியோ இணைத்துள்ளேன்." இப்படி எழுதினால் கம்பனியில் இருக்கும் பொறியியலாளர் அதே காரியத்தைத் தானும் செய்து பார்த்துப் பிழையைப் பிடிக்கலாம். என்ன செய்தேன், என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எத்தனை தடவை, எந்தப் போன். இந்த ஐந்தையும் எழுதத் தெரிந்த பிள்ளை எந்த வேலைக்குப் போனாலும் பிழைத்துக் கொள்ளும். மென்பொருள் கம்பனிகளில் இதைச் செய்யும் வேலைக்குத் தனிப் பதவியும் சம்பளமும் உண்டு. எங்கட பிள்ளைகள் டொக்டர், எஞ்சினியர், டீச்சர் என்ற மூன்றைத் தவிர வேறு வேலை இருப்பதே தெரியாமல் வளர்கிறார்கள்.

பிழை காண்பதில் இன்னொரு பக்கம் உண்டு. 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் "அல்டிமா ஒன்லைன்" என்ற விளையாட்டு பீட்டா சோதனையில் இருந்தது. அதை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட், "லோர்ட் பிரிட்டிஷ்" என்ற அரசனாக விளையாட்டுக்குள் வந்து டெஸ்டர்கள் முன் நின்றார். அந்த அரசனை யாரும் கொல்ல முடியாது என்பது ஏற்பாடு. ஆனால் சேர்வர் ஒருமுறை விழுந்து எழும்பியதால், மனிதர் அந்தப் பாதுகாப்பை மீண்டும் போட மறந்துவிட்டார். டெஸ்டர் ஒருவர் நெருப்பு மந்திரத்தை வீச, அரசன் அந்த இடத்திலேயே செத்து விழுந்தான். செய்தவருடைய நிழற்பெயர் ரெயின்ஸ். சோதனைக் களத்தில் இருந்து அவரைப் பிறகு நீக்கினார்கள். அரசனைக் கொன்றதற்காக அல்ல, அதற்கு முன்பே பிழைகளை அறிவிக்காமல் தன் இலாபத்துக்குப் பாவித்தார் என்ற முறைப்பாடுகளுக்காக என்று கம்பனி சொன்னது.

இந்தச் சம்பவத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வகுப்பு சிரிக்கும். பிறகு ஒரு கேள்வி கேட்பேன்: சுவருக்குள்ளால் சுடக் கூடிய ஒரு பிழையை நீ மட்டும் கண்டுவிட்டாய். சொல்வாயா, பாவிப்பாயா? வகுப்பு அமைதியாகும். டெஸ்டர் என்று உள்ளே எடுத்தது ஒரு நம்பிக்கையில்தான். கண்டதைச் சொல்வான் என்ற நம்பிக்கை. நம் பேச்சில் அதற்கு அமானிதம் என்று பெயர். கடையில் மிச்சக் காசு கூடுதலாகத் தந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வளர்க்கிறோம். போனுக்குள்ளும் அதே சட்டம்தான் என்பதைச் சொல்லிக் கொடுப்பது யார்?

"சேர், ஓ.எல். வருது. இந்த நேரத்தில் டெஸ்டர் வேலை தேவையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பரீட்சை வருடத்தில் தேவையில்லை என்பதுதான் என் பதிலும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெற்றோருக்குத் தெரியாமல் எந்தச் சோதனைக்கும் பதியக் கூடாது. பல விளையாட்டுகளின் நிபந்தனையிலேயே பெற்றோர் சம்மதம் கேட்கப்படுகிறது, யாரும் வாசிப்பதில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க எங்கள் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிள்ளையின் பெயர், வயது, நம்பர் எல்லாம் பெறுமதியான பொருள் என்று நாடே ஏற்றுக் கொண்ட பிறகு, நாம் அதை டயமண்டுக்கு விற்க விடலாமா? ஆனால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், பிள்ளை கூட்டாளியின் போனில் பதியும். காரணத்தோடு சொன்னால் கேட்கிற வயதுதான் அது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இது எங்கள் ஊரோடு சம்பந்தப்பட்டது.

எங்களிடம் படித்துவிட்டுப் போன தம்பி ஒருவர், சொந்தமாக ஒரு சிறு கெரம் விளையாட்டை அப்பாகச் செய்திருக்கிறார். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், அப் ஒன்றை எல்லோருக்கும் வெளியிட முன் டெஸ்டர்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது கூகுள் பிளேயின் விதி. முதலில் 20 பேர் என்று இருந்தது. 2024 டிசம்பரில் 12 பேராகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். இந்தத் தம்பிக்கு 12 பேர் கிடைக்கவில்லை. கேட்டால் எல்லோரும் "மாஷா அல்லாஹ், சுப்பர்" என்கிறார்கள். லிங்க்கில் சம்மதம் கொடுத்தவர்கள் ஐந்து பேர். அதில் இருவர் மூன்றாம் நாள் அப்பை அழித்துவிட்டார்கள். காசு வாங்கிக் கொண்டு டெஸ்டர் ஆட்கள் பிடித்துத் தருவோம் என்று இணையத்தில் விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வருகிறவர்கள் விளையாடவும் மாட்டார்கள், பிழை சொல்லவும் மாட்டார்கள். எண்ணிக்கைதான் நிரம்பும்.

சிங்கப்பூர்க் கம்பனிக்கு டெஸ்டராக முட்டி மோதுகிற ஊரில், ஊர்த் தம்பிக்கு 12 பேர் இல்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த அப் பிளே ஸ்டோரில் இருந்தே வருகிறது. ஏபிகே ஃபைல் இல்லை, ஓடிபி இல்லை. செய்தவர் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும். பிழையைத் தமிழிலேயே எழுதலாம். எழுதியதை அவர் திருத்துவதை உங்கள் கண்ணால் பார்க்கலாம். ஏ.எல். முடித்து றிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஆகவே சுருக்கமாக:

1. டெஸ்டர் அழைப்பு வந்தால், அதை விளையாட்டுக்குள் இருக்கும் அறிவித்தலிலோ கம்பனியின் சொந்தத் தளத்திலோ தேடிப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வட்ஸ்அப்பில் வந்த லிங்க்கை அமத்த வேண்டாம்.

2. ஓடிபி, பாஸ்வேர்ட், ரீலோட், காசு இவற்றில் எதைக் கேட்டாலும் அது பொய். மறு பேச்சில்லை.

3. பேங்க் அப் உள்ள போனில் சோதனை அப் எதையும் ஏற்ற வேண்டாம்.

4. ஏமாந்து விட்டால் பிள்ளைக்கு அடிக்க வேண்டாம். அடித்தால் அடுத்த முறை சொல்ல மாட்டான். பேங்க் அப் இருந்தால் முதலில் பேங்குக்குச் சொல்லுங்கள். பிறகு இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101. பிள்ளையை யாரும் மிரட்டினால் 1929.

5. டெஸ்டர் ஆவது என்று முடிவெடுத்தால், ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். கண்ட பிழையை அன்றன்றே அதில் எழுதட்டும். ஒரு கிழமை முடிந்தும் கொப்பி வெறுமையாக இருந்தால், பிள்ளை விளையாடத்தான் போயிருக்கிறது.

அந்தத் தம்பியின் கெரம் விளையாட்டுக்கு இன்னும் ஒன்பது பேர் தேவை. 14 நாள், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். விருப்பமானவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், லிங்க்கை அவரே அனுப்புவார். பெரியவர்களும் வரலாம். கெரம் ஆடத் தெரிந்த வாப்பாமார் கண்டிப்பாக வாருங்கள். சிவப்புக் காய் விழுந்த பிறகு கவர் போட விடாத பிழை ஒன்று இருக்கிறதாம், அதை ஒழுங்காக விளங்கப்படுத்தி எழுத அவருக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.